டீசல் டேங்க் பட்டை மூணாவது தடவையா துரு புடிச்சு அத்துபோச்சு, என்ன வழி?

மீன்வண்டி_தேங்காப்பட்டணம்:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வண்டி 2012 மாடல் டீசல் பிக்கப், தேங்காப்பட்டணம் துறைமுகத்துல இருந்து களியக்காவிளை சந்தைக்கு மீன் அடிக்கியது, சில நாளு நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வரைக்கும் போவும். போன வாரம் வெளுப்பாங்காலம் குழித்துறை தாண்டி ஒரு குழியில இறங்குனப்ப கீழ டப்புனு ஒரு சத்தம், கல்லு தெறிச்சிருக்கும்னு நெனச்சு கூட்டாக்காம போயிட்டேன், சந்தையில நிறுத்தி குனிஞ்சு பாத்தா டீசல் டேங்கு ஒரு பக்கமா சாஞ்சு தொங்கிட்டு நிக்கி. டேங்கை தாங்கிப் புடிக்க ரெண்டு இரும்புப் பட்டை இருக்குல்லா, அதுல பின்னாடி உள்ளது அத்துபோச்சு. தார்ப்பாய் கட்டுற பெல்ட்ட சுத்தி இறுக்கி ஒருவழியா வீடு வந்து சேந்தேன், வர்ற வழியெல்லாம் ஒரே வெப்ராளம்.

இது முத தடவை இல்ல. 2019ல ஒருக்க மாத்துனேன், 2022ல ஒருக்க மாத்துனேன், இப்பம் மூணாவது. ரெண்டு தடவையும் ஒர்க்‌ஷாப்புல புதுப் பட்டை போட்டு கருப்பு பெயிண்ட் அடிச்சுதான் தந்தாவ. முன்னாடி உள்ள பட்டை கம்பெனில இருந்து வந்தது அப்படியே கெடக்கு, லேசா துரு உண்டு, ஆனா ஸ்ட்ராங்கா இருக்கு. சேசிஸ்ல, அதான் வண்டியோட அடிச்சட்டத்துல, பாடி உக்காருற எடத்துலயும் பொருக்கு பொருக்கா இளகி வருது. எஃப்சிக்கு, அதான் ஆர்டிஓ தகுதிச் சான்றுக்கு, இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு.

நான் வண்டிய சும்மா போடுற ஆளு இல்ல கேட்டியளா, தெனமும் லோடு எறக்கிட்டு வந்து மோட்டார் போட்டு அடியிலயும் மேலயும் நல்லா அடிச்சு கழுவுவேன். அப்பவும் ஏன் இப்படி திங்கி? இந்த தடவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல பட்டை அடிச்சுப் போட்டா சீவனுக்கும் கெடக்கும்னு ஒருத்தர் சொல்லுதாரு, போடலாமா? அண்டர்கோட்டிங் அடிச்சா நிக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


தொடுவெட்டி_தம்பி:

அண்ணே இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை, பழைய இஞ்சின் ஆயில் இருக்குல்லா, ஆயில் சர்வீஸ் பண்ணும்போது ஊத்துறத கேன்ல புடிச்சு வச்சு ஸ்பிரே கன்ல அடியில அடிச்சு விடுங்க, எங்க அப்பா காலத்துல இருந்து அம்பாசிடருக்கு அப்படித்தான், ஒண்ணும் ஆவல.


பழைய_டிங்கர்:

தம்பி, ஒங்க அப்பா அம்பாசிடர்ல மீன் அடிச்சாரா? அந்த வண்டி கார் ஷெட்டுல நின்னுச்சு, இது கடல் தண்ணி குடிக்கிற வண்டி. பழைய ஆயில் அடிச்சா ரெண்டு வாரம் மினுமினுன்னு இருக்கும், பொறவு மண்ணு ஒட்டும், அந்த மண்ணு ஈரத்த புடிச்சு வைக்கும். சஸ்பென்ஷன் புஷ், பிரேக் ஹோஸ்னு ரப்பர் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஊறி ஊதிப்போவும். பிரேக் டிரம்முக்குள்ள ஒரு சொட்டு போனா பொறவு ஆண்டவன்தான். மழை பெய்ஞ்சா ஒழுகி ரோட்டுல எண்ணெய், பின்னாடி வர்ற பைக்காரன் விழுவான். முப்பத்தஞ்சு வருசம் டிங்கரிங் பட்டறை நடத்துன அனுபவத்துல சொல்லுதேன், நானே ஒரு காலத்துல அடிச்சு விட்டவன்தான்.

மீன்வண்டிக்காரரே, ஒம்ம கேள்வியில ஒரு விசயம் எனக்கு ஒறுத்திட்டே இருக்கு. ஒரே வண்டி, ஒரே டேங்கு, ரெண்டு பட்டைக்கும் நடுவுல ஒண்ணரை அடி கூட இருக்காது. முன்பட்டை பதினஞ்சு வருசம் பக்கமா கெடக்கு, பின்பட்டை மூணு வருசத்துக்கு ஒருக்க போவுது. அப்பம் இது இரும்போட கோளாறு இல்ல ஓய். பின்பட்டை மேல மட்டும் ஏதோ விழுது. பெட்டியில ஐஸ் உருகுற தண்ணி எங்கன வெளிய வருது? போயி பாத்துட்டு வந்து சொல்லும். இன்னொண்ணு, எந்த தண்ணியில கழுவுதீரு?


புளியரைக்காரன்:

செங்கோட்டை பக்கம் இருந்து எழுதுதேன். நமக்கு கடல் கெடையாது, ஆனா ஆரியங்காவு வழியா கேரளாவுக்கு லோடு போற வண்டிக எல்லாம் ஜூன்ல இருந்து நனைஞ்சுட்டேதான் ஓடும், எங்க வண்டிக்கும் இதே பட்டை போச்சு. எங்களுக்கு வேற காரணம். டேங்குக்கு மேலயும் பாடிக்கு கீழயும் உள்ள இடுக்குல ரெண்டு வெரல் உயரத்துக்கு சேறு படிஞ்சு, அதுல செடி மொளைக்காத கொறைதான். கீழ இருந்து பாத்தா எல்லாம் சுத்தமாத்தான் தெரியும். கைய விட்டு தடவிப் பாத்தாத்தான் தெரியும். மேல் பக்கம்தான் எப்பவும் மொதல்ல ஓட்டை விழும், டேங்குக்கும் சரி பட்டைக்கும் சரி.

பட்டைக்கு அடியில ரப்பர் பட்டி இருக்கும் பாருங்க, அது கிழிஞ்சிருந்தா கண்டிப்பா மாத்திருங்க. எங்க டிரைவர் கெட்டிக்காரத்தனம் பண்றேன்னு பழைய லாரி டியூப வெட்டி வச்சான், ஆறு மாசத்துல டீசல் பட்டு டியூப் ஊதி, கொழகொழன்னு ஆகி, பட்டையே லூசாயிடுச்சு. டியூப் ரப்பர் டீசலுக்கு ஆகாது, நைட்ரைல் ரப்பர்னு கேட்டு வாங்கணும், டீசல் ஹோஸ் விக்கிற கடைகள்ல ஷீட்டாவே கெடைக்கும்.

ஸ்டெயின்லெஸ் பத்தி எனக்குத் தெரியாது, எங்க ஊர்ல யாரும் போட்டதில்ல.


குளிர்நாட்டு_மக்கா:

நான் மார்த்தாண்டம்தான், இப்பம் கனடால ஒரு ஒர்க்‌ஷாப்புல வேலை. இங்க இந்த டேங்க் பட்டை மாத்துறது தெனப்படி வேலை மக்கா. குளிர்காலத்துல ரோட்டுல பனி உறையாம இருக்க உப்ப அள்ளிக் கொட்டுவான், அந்த உப்புச் சேறு அடியில அப்பி, பட்டை, பிரேக் பைப்பு எல்லாம் போயிரும். இங்க வந்து மொத வாரமே ஒரு வண்டியத் தூக்கிப் பாத்துட்டு, இது கொளச்சல்ல இருந்து வந்ததான்னு கேட்டேன், யாருக்கும் சிரிப்பு வரல.

ஸ்டெயின்லெஸ் விசயம் சொல்லுதேன். பட்டை துருப்பிடிக்காது, செரி. ஆனா ரெண்டு வேற வேற உலோகம் ஒண்ணோட ஒண்ணு தொட்டுகிட்டு நடுவுல உப்புத் தண்ணி இருந்தா அது பேட்டரி மாதிரிதான், கொறஞ்ச சாதி இரும்பு கரைஞ்சு மத்தத காப்பாத்தும். ரப்பர் தேஞ்சு பட்டை டேங்க தொட்டா, டேங்குல எங்க பெயிண்ட் பேந்திருக்கோ அங்கன பாத்து திங்கும். பட்டை போனா பட்டை மாத்தலாம், டேங்கு ஓட்டையானா செலவு வேற. துத்தநாகம் இதுக்கு நேர்மாறு, அது தான் கரைஞ்சு இரும்பக் காப்பாத்தும். அதனால சாதா மைல்டு ஸ்டீல் பட்டையே போதும், ஆனா வளைச்சு, ஓட்டை போட்டு, எல்லா வேலையும் முடிஞ்ச பொறவு கால்வனைசிங் பண்ணுங்க. உருக்குன துத்தநாகத்துல முக்கி எடுக்குற ஹாட் டிப்தான் நல்லது, அந்தத் தொட்டி 450 டிகிரி பக்கம் இருக்கும், ஊசி நுழையுற இடுக்கெல்லாம் பூசிரும். மொதல்லயே கால்வனைஸ் பண்ண தகட்ட வாங்கி வெட்டி வெல்டு வச்சா, வெட்டுன எடத்துலயும் வெல்டு வச்ச எடத்துலயும் அந்தப் பூச்சு எரிஞ்சு போயிரும், துரு அங்க இருந்துதான் தொடங்கும். வெல்டு வைக்கும்போது வர்ற வெள்ளப் புகைய மூச்சுல இழுத்தா காய்ச்சலும் வரும்.

இன்னொரு விசயம், உப்பு காஞ்சுபோனா ஆபத்தில்லன்னு நெனைக்காதீங்க. காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் பக்கம் போனாலே உப்பு தானா தண்ணிய இழுத்து நனைஞ்சுரும், அடுக்களையில உப்பு டப்பா மழைக்காலத்துல கசியுதுல்லா, அதேதான். நம்ம கடற்கரையில ராத்திரி ஆனா அந்த ஈரம் எப்பவும் உண்டு. அதனால வண்டி ஷெட்டுல சும்மா நிக்கிற நேரமும் துரு வேலைக்குப் போயிட்டுதான் இருக்கும்.


மீன்வண்டி_தேங்காப்பட்டணம்:

டிங்கர் அண்ணாச்சி, ஒங்க வாயில சர்க்கரை போடணும். நேத்து லோடு ஏத்தி நிக்கும்போது ஒரு பழைய பிளாஸ்டிக் சாக்க விரிச்சு வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தேன். பாடியில பின்பக்கம் இடது மூலையில தண்ணி போவ ஒரு ஓட்டை உண்டு, அதுல ஒரு சாண் குழாய் வச்சிருக்கு. எப்பமோ பாடி கட்டுனவன் வச்சது, நான் திரும்பிப் பாத்ததே இல்ல. ஐஸும் மீன் ரத்தமும் கலந்த தண்ணி அதுல இருந்து சேசிஸ் மேல விழுந்து, சேசிஸ் ஓரமா முன்னுக்கு ஓடிவந்து நேரா பின்பட்டை மேல சொட்டு சொட்டா எறங்குது. வண்டி பிரேக் புடிக்கும்போது இன்னும் நல்லா முன்னுக்கு வரும்போல. முன்பட்டைக்கு ஒரு சொட்டு கூட போவல. பத்து நிமிசம் படுத்துக் கெடந்து அதையே பாத்துட்டு இருந்தேன், சங்கடம் வந்துட்டு. ரெண்டு தடவை பட்டை மாத்துன ஒர்க்‌ஷாப்புக்காரனும் பாக்கல, நானும் பாக்கல.

தண்ணி கேட்டியள்ளா? எங்க வீட்டு போர்வெல்தான், கடல்ல இருந்து அரை கிலோமீட்டர் இருக்காது. குடிக்க பஞ்சாயத்து பைப்புதான், இது குளிக்க, துவைக்க. சோப்பு நுரைக்காது, அது எனக்கு எப்பவும் தெரியும், ஆனா வண்டிக்கு என்னன்னு விட்டுட்டேன். நீங்க கேட்ட பொறவு எவர்சில்வர் தட்டுல ஒரு கரண்டி ஊத்தி மொட்டமாடி வெயில்ல வச்சேன், சாயங்காலம் பாத்தா தட்டுல வட்டமா வெள்ளையா பத்து. நக்கிப் பாத்தேன், கரிக்குது. நான் பத்து வருசமா உப்ப கழுவுதேன்னு சொல்லி உப்பத்தான் தெளிச்சிருக்கேன்.


தொடுவெட்டி_தம்பி:

ஐயோ அண்ணே 😂 செரி செரி, ஆயில் யோசனைய நான் வாபஸ் வாங்குதேன்.


பழைய_டிங்கர்:

சங்கடப்படாதீரும், எத்தனையோ பேரு இப்படித்தான். கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு, ஒம்ம போர்வெல்ல அவ்வளவு இருக்காது, ஆனா தெனமும் அடிச்சு காய விட்டா கொஞ்சம் கொஞ்சமா சேந்து அதுவும் அதே கணக்குதான்.

இப்பம் வேலைய சொல்லுதேன், பைய வாசியும், அவசரப்பட்டு செய்யாதீரும்.

டேங்குல டீசல் கொறஞ்ச நாளா பாத்து செய்யும். 60 லிட்டர் டேங்கு நெறஞ்சிருந்தா டீசல் மட்டும் ஐம்பது கிலோ வரும், ஒத்தையில தாங்கிப் புடிக்க ஒக்காது. சமதளத்துல நிறுத்தி, வீலுக்கு கல்லு கொடுத்து, பேட்டரி மைனஸ் கழத்தியிரும். ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போவாதீரும், ஸ்டாண்டு போடணும். பட்டறையில ஒரு பையன் ஜாக்கி நழுவி காலு நசுங்குனத நான் கண்ணால பாத்தவன். பொறவு ஒரு பலகைய டேங்குக்கு அடியில வச்சு டிராலி ஜாக்கியால லேசா தாங்க மட்டும் கொடுங்க, தூக்கக் கூடாது. முந்தின நாளு ராத்திரியே நட்டுல எல்லாம் துரு எளக்குற ஆயில் அடிச்சு ஊற விட்டுரும், காலையில ஒருக்க அடியும். அப்பவும் வரலைன்னா ஹேக்சா பிளேடால அறுத்து எடும், கிரைண்டர் போட்டு தீப்பொறி பறக்க விடக் கூடாது. கேஸ் வச்சு சூடாக்குற பேச்சே வேண்டாம்.

ரெண்டு பட்டையையும் ஒரே நேரத்துல கழத்திராதீரும். ஒண்ண மாத்தி இறுக்குன பொறவு மத்தது. ரெண்டும் கழண்டா டேங்கு மொத்தமும் டீசல் ஹோஸ்லயும் ஊத்துற கழுத்துலயும் தொங்கும், அது ரெண்டும் ஒடிஞ்சா பொறவு வேற வேலை. முன்பட்டை நல்லா இருக்குன்னு சொன்னீரு, ஆனா பதினஞ்சு வருசம் ஆச்சு, அதையும் மாத்தியிரும். ஸ்க்ரூ டிரைவர் முனையால மடிப்புல குத்திப் பாரும், பட்டை எப்பவும் வளைவுலதான் ஒடியும், நடுவுல இல்ல.

பழைய பட்டைய தூக்கிப் போடாதீரும், அதுதான் அளவு. அதே தடிப்பு, அதே அகலம், வளைவும் அதே. கம்பெனி பட்டை கெடைச்சா அது இன்னும் உத்தமம், செஞ்சது எப்பவும் ஒரு நூலு வித்தியாசம் காட்டும். போல்ட்டும் நட்டும் புதுசு, ஜிங்க் பூசுனது, போல்ட்டு தலையில 8.8ன்னு உறுதித் தரம் எழுதியிருக்கும் பாத்து வாங்கும். இறுக்கும்போது வீரத்த காட்டாதீரும், ரப்பர் அமுங்கி டேங்க கையால அசைச்சா அசையாம நின்னா போதும், அதுக்கு மேல போனா டேங்கு பள்ளம் விழும். டபுள் நட்டு போட்டு, நூறு கிலோமீட்டர் ஓடுன பொறவு ஒருக்க இறுக்கிப் பாரும், புது ரப்பர் கொஞ்சம் உக்காரும்.

சேசிஸ் பொருக்கு இருக்குன்னு சொன்னீரே, அதுல சுத்தியலால தட்டிட்டே போங்க. டங்குனு கேட்டா இரும்பு இருக்கு, டொப்புனு கேட்டா உள்ள இல்ல. டொப்பு கேட்ட எடத்துல பெயிண்ட் அடிச்சு மறைச்சு எஃப்சிக்கு கொண்டு போற வேலை வேண்டாம், ஒம்ம உயிருதான் அதுல ஓடுது. வெட்டி புதுத் தகடு வச்சு வெல்டு வைக்கணும், வெல்டு வைக்குற எடம் டேங்குக்கு பக்கத்துல இருந்தா டேங்க கழத்தி தூரமா கொண்டு வச்ச பொறவுதான். காலி டேங்குதானேன்னு ஒருத்தன் சொல்லுவான், நம்பாதீரும். நெறஞ்ச டேங்க விட காலி டேங்குதான் மோசம், உள்ள முழுக்க ஆவியும் காத்தும் கலந்து நிக்கும்.

டங்குனு கேட்ட எடமெல்லாம் கம்பி பிரஷ் வச்சு பொருக்க எடுத்து, நல்ல தண்ணியில, நல்ல தண்ணியில கேட்டீரா, ரெண்டு தடவை கழுவி ஒரு நாள் முழுக்க காய விடும். பொருக்கோட மேல பெயிண்ட் அடிச்சா அது துருவ மூடி வைக்குறது, துரு இரும்ப விட எடம் கூட கேக்கும், அதனால உள்ள இருந்தே பெயிண்ட தள்ளி வெளிய வரும். பிரஷ்ஷுக்கு வராத நுண்துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசலாம், கருப்பா மாறும். பொறவு எபாக்சி பிரைமர், அதுக்கு மேல பெயிண்ட்.


குளிர்நாட்டு_மக்கா:

அண்ணாச்சி சொன்னதுல அண்டர்கோட்டிங் பத்தி மட்டும் நான் சேக்குதேன். அந்த தார் மாதிரி கெட்டியா அடிக்குற ரப்பர் கோட்டிங் புது வண்டிக்கு, சுத்தமான இரும்புக்கு கொள்ளாம். துரு தொடங்குன வண்டிக்கு அடிச்சா ஒரு ஓரத்துல வெடிச்சு தண்ணி உள்ள போவும், வெளிய வராது, மேல பாத்தா பளபளன்னு இருக்கும், வெரலால அமுக்குனா உள்ள போயிரும். பழைய வண்டிக்கு மெழுகு இல்லேன்னா லானோலின் வச்சு செஞ்ச கோட்டிங்தான். லானோலின்னா செம்மறியாட்டு ரோமத்துல உள்ள கொழுப்பு. அது காயாது, பிசுபிசுன்னு இருக்கும், கீறல் விழுந்தா கொஞ்சம் தானே மூடிக்கும், வருசத்துக்கு ஒருக்க அடிக்கணும். எக்ஸாஸ்ட், பிரேக் டிரம், ரப்பர் பக்கம் படாம அடிங்க. சேசிஸ்ல தண்ணி வடிய சின்ன ஓட்டை உண்டு, அத அடைச்சிராதீங்க, கோட்டிங் அடிக்கிற பையனுங்க அத சேத்து மூடிருவானுங்க.


புளியரைக்காரன்:

எல்லாம் செரி, அந்த ஐஸ் தண்ணிக் குழாயக் கவனிக்காம பட்டை மட்டும் மாத்துனா 2029ல நாலாவது பட்டைக்கு இங்க வந்து கேப்பீங்க.


மீன்வண்டி_தேங்காப்பட்டணம்:

அதுதான் மொதல்ல செஞ்சேன். மேற்குக் கடற்கரை மீன்பிடி தடைக்காலம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் 61 நாள், விசைப்படகு கடலுக்கு போவாது, வண்டிக்கும் பாதி லீவு. வழக்கமா அந்த ரெண்டு மாசமும் வண்டிய தென்னைக்கு அடியில நிறுத்திருவேன், மழையும் அப்பம்தான் ஊத்தும், கழுவாத உப்போட அது நின்னு ஊறும். இந்த தடவை அப்படி விடல.

அந்த ஒரு சாண் குழாய கழத்திட்டு பின் பம்பர் வரைக்கும் நீளமா ஹோஸ் போட்டு, மூணு எடத்துல கிளிப் அடிச்சு, வாய பின் வீலுக்கும் பின்னாடி ரோட்ட பாத்து விட்டுட்டேன். போலீஸ்காரன் சந்தை ரோட்டுல மீன் தண்ணி ஒழுகுனா புடிப்பான்னு அடியில ஒரு வால்வும் வச்சாச்சு, தண்ணி தேங்குன பொறவு துறைமுகத்துலயே தொறந்து விட்டுக்கலாம்.

பட்டை ரெண்டும் மாத்தியாச்சு, நாகர்கோவில்ல கெடைச்சது. முன்பட்டைய நல்லா இருக்குன்னு நெனச்சேன்ல்லா, கழத்தி ரப்பர உரிச்சு பாத்தா அடியில இலை மாதிரி அடுக்கடுக்கா கெடக்கு, அண்ணாச்சி சொன்ன மாதிரி மடிப்புல ஸ்க்ரூ டிரைவர் வச்சு அமுக்குனேன், பிஸ்கட் மாதிரி உள்ள போச்சு. சேசிஸ்ல ஒரு எடம் டொப்பு கேட்டுச்சு, இடது பக்கம் பாடி கட்டைக்கு அடியில, உள்ளங்கை அகலம். டேங்க கழத்தி வெட்டி வெல்டு வச்சாச்சு. மத்த எடமெல்லாம் டங்குதான்.

தண்ணிக்கு இப்பம் மழைத்தண்ணிதான், ஓட்டுக்கூரையில இருந்து பைப்பு போட்டு ரெண்டு டிரம்முல புடிச்சு வைக்கேன். மழை இல்லாத மாசத்துக்கு மார்த்தாண்டத்துல வாட்டர் சர்வீஸ்ல வாரத்துக்கு ஒருக்க விடலாம்னு இருக்கேன், அங்க தண்ணி நல்லா இருக்கு, நேத்து ஒரு கிளாஸ் வாங்கி தட்டுல ஊத்தி காய வச்சு பாத்துட்டேன். கடைக்காரன் என்ன ஒரு மாதிரி பாத்தான்.


தொடுவெட்டி_தம்பி:

அண்ணே எங்க வீடும் கடல்ல இருந்து பக்கம்தான், நானும் இப்பம் ஒரு தட்டு மொட்டமாடியில வச்சிருக்கேன், காக்கா வந்து கமுத்திட்டு போயிருச்சு, நாளைக்கு திரும்ப வைக்கணும்.